பெரியப்பாவின் கிட்டாருக்கு வயது பார்த்த விவரம்

டாக்குரியா, கல்கத்தா
லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ரங்கராஜன் பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி தியாகராஜனின் பெண் இந்துஜா அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. விஜயதசமி முடிந்ததும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டிய பிரணாமத்தையும் இந்த ஊர் வழக்கப்படி இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் பாதியைப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள். இங்கே அப்பாவின் முதுகைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அப்பாவின் முதுகு உங்கள் கிட்டாரால் பிடித்துக்கொண்டது, அதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே நங்கநல்லூரில் மழையும் உங்கள் சர்க்கரையும் அளவோடு இருக்கின்றன என்று நம்புகிறேன்.

நீங்கள் போன மாதம் போனில் சொன்ன வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எங்கள் ஹால் மூலையில் நீங்கள் விட்டுவிட்டுப் போன பெடல் ஸ்டீல் கிட்டாரின் சீரியல் நம்பரைப் பார்த்து, அது எந்த வருஷம் செய்தது என்று எழுதி அனுப்பச் சொன்னீர்கள். இங்கே கல்கத்தா நியூ டவுனில் சந்தீப் என்று ஒருவர் பழைய வாத்தியங்களைச் சேர்க்கிறார், அவர் வீட்டுச் சுவரில் அதை மாட்டிக் கீழே உங்கள் பெயரைப் பித்தளையில் பொறித்து வைக்கப்போகிறார், ஆனால் 1975-க்கு முன்னால் செய்ததாக இருந்தால்தான் எடுத்துக்கொள்வார் என்றீர்கள். நான் "சரி பெரியப்பா" என்றேன். நீங்கள் "என்னது? சத்தமாப் பேசுடி, கெணத்துக்குள்ளேந்து பேசற மாதிரி இருக்கு" என்றீர்கள். நான் மறுபடியும் "சரி பெரியப்பா" என்றேன். நீங்கள் பெரியம்மாவிடம் "இவ லைன்ல இருக்காளா, போயிட்டாளா?" என்று கேட்டீர்கள். அதற்கு நான் தலையை ஆட்டினேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றார் அப்பா. அம்மாதான் வேண்டாம் என்றுவிட்டாள். எதை அனுப்பினாலும் நீங்கள் படிக்காமல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள், அவளுக்குப் பல் பிடுங்கிய செய்திக்கும் அதேதான் வந்தது என்கிறாள்.

"பள்ளிக்கூடம் போகாதவளுக்கு நேரம் இருக்கு, அவளே பாக்கட்டும்" என்று நீங்கள் அப்பாவிடம் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அதில் தப்பு இல்லை. பத்தாவதோடு நான் நின்றுவிட்டேன், நேரம் இருக்கிறது. எழுதுகிற பரீட்சை எதிலும் எனக்குத் தகராறு வந்ததில்லை. எழுந்து நின்று வாயைத் திறக்க வேண்டிய இடங்களில்தான் வந்தது. பெயர் கூப்பிடும்போது "பிரசன்ட் மிஸ்" என்று சொல்ல வராமல், முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பல நாள் ஆப்சென்ட் ஆகியிருக்கிறேன்.

கிட்டாரின் வயதுக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், நான் மறைத்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. அந்தக் கிட்டாரை நான் வாசிக்கிறேன். இரண்டு வருஷமாக, மத்தியானம் அம்மா தூங்கும்போது. ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமல் வாசித்தால் சத்தம் அடுத்த அறைக்குக்கூடப் போகாது. இடது கையில் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிகள் மேல் நகர்த்த வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும், ஒரு காலால் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொரு காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், இரண்டு முழங்காலாலும் லீவர்களைத் தள்ள வேண்டும். உடம்பில் எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது, வாய்க்கு மட்டும் இல்லை. எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த மாதிரி இருக்கிறது. சந்தீப் சார் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் எனக்கு மத்தியானம் என்று ஒன்று இருக்காது. ஆகவே அது 1975-க்கு முன்னால் செய்தது என்றால் உங்களுக்கு நல்லது, பின்னால் செய்தது என்றால் எனக்கு நல்லது. இதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள். நான் முழு நடுநிலையோடு எழுதியிருக்கிறேன்.

முதலில் நம்பர் எங்கே இருக்கிறது என்றே அப்பாவுக்குத் தெரியவில்லை. இணையத்தில் பெடல் ஸ்டீல்காரர்கள் கூடிப் பேசுகிற ஒரு தளம் இருக்கிறது. அதில் உள்ளவர்கள் எல்லாரும் அமெரிக்காவில் ஓய்வு பெற்ற தாத்தாக்கள். 'கல்கத்தாவிலிருந்து இந்து' என்று போட்டு நான் ஒரு கேள்வி எழுதினேன். அவர்கள் என்னையும் ஓய்வு பெற்ற தாத்தா என்று முடிவு செய்து 'பிரதர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் திருத்தவில்லை. எழுத்தில் எனக்கு வாய் நன்றாகவே இருக்கிறது, அதோடு இவ்வளவு மரியாதை எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. இதைச் செய்த கம்பெனியின் கிட்டார்களுக்கு ஐந்து இலக்க நம்பர், முதல் இரண்டு இலக்கம் வருஷம், மிச்ச மூன்றும் அந்த வருஷத்தில் எத்தனையாவது என்ற கணக்கு, உடம்பின் அடிப்பக்கத்தில் பார் என்று ஒரு தாத்தா எழுதினார். இரண்டு நிமிஷத்தில் இன்னொரு தாத்தா, அடிப்பக்கத்தில் இருக்காது என்று எழுதினார். அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு முடிக்கும் வரை காத்திருக்கலாம் என்று நான் நினைத்தேன். அப்பா காத்திருக்கவில்லை. அந்த மூலையில் இன்வர்ட்டர் வைக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் மேலிருந்த துணி, பழைய பூஜா மலர்ப் புத்தகங்கள், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அப்பா அதைக் கவிழ்த்தார். பாதி கவிழ்ந்ததும் பெடலுக்குப் போகிற கம்பிகள் கழன்று ஒவ்வொன்றாக விழுந்தன, அடுத்ததாக அப்பாவின் முதுகு 'டக்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கீழ் வீட்டு ஷூப்ரா மாஷி ஏறி வந்தாள். நம் வீட்டு மூலையில் இருப்பது இஸ்திரி போடுகிற மேஜை என்று அவள் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். கால்களையும் பெடல்களையும் பார்த்ததும், "ஓ மா, ஷேலாய் மெஷின்?" என்றாள், தையல் மெஷினாக்கும் என்று. அப்பா குனிந்த நிலையிலேயே, ஹவாயியன் கிட்டார் ஜாதிதான், கொஞ்சம் பெரிசு என்று வங்காளியில் விளக்கினார். ஹவாயியன் கிட்டாரைத் தன் அப்பாவே வாசிப்பார், மடியில் வைத்துக்கொள்வார், இதற்கு எதற்கு நாலு கால் என்று மாஷி கேட்டாள். அப்பா இன்னும் குனிந்தபடியே இருந்தார். அவரால் நிமிர முடியவில்லை என்பதை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம்.

ஆனால் அடியில் நம்பர் இருந்தது. சிவப்புப் பென்சிலில், 46 என்று ஆரம்பித்து ஆறு இலக்கம். அப்பா பாயில் குப்புறப் படுத்துக்கொண்டே "நாப்பத்தாறுடி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தாறு. சுதந்திரத்துக்கு முந்தி" என்றார். ஐந்து இலக்கம்தானே இருக்க வேண்டும் என்று நான் எழுதிக் காட்டினேன். "ஒண்ணு கூட இருந்தா நல்லதுதானே?" என்றார். உடனே உங்களுக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். நீங்கள் அன்று சாயங்காலமே உங்கள் அடுக்குமாடியில் எல்லாருக்கும் சொல்லி, வாசலில் காவலுக்கு இருப்பவர் வரை அது போய்ச் சேர்ந்ததாகப் பெரியம்மா சொன்னாள். நான் தளத்தில் கேட்டேன். 1946-ல் அந்தக் கம்பெனி முதலாளி மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார் பிரதர் என்று பதில் வந்தது. கடைசியில் விஷயத்தை உடைத்தது மாஷிதான். கழுத்தைச் சாய்த்து ஒரு தடவை பார்த்துவிட்டு, இது டெலிபோன் நம்பர், அந்தக் காலத்தில் தன் சித்தப்பா வீட்டுக்கும் 46-தான், பாலிகஞ்ச் எக்ஸ்சேஞ்ச் என்றாள். உங்களுக்குக் கிட்டாரைக் கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியா போன பிரிட்டோ, போகிற அவசரத்தில் யாருடைய நம்பரையோ அதன் வயிற்றில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நம்பருக்கு நீங்கள் வேண்டுமானால் போட்டுப் பாருங்கள், பிரிட்டோ உங்களிடம் இது 1971-ல் செய்தது என்று சொன்னது உண்மையா என்று தெரிந்தாலும் தெரியலாம்.

உண்மையான நம்பர் மேலேயே இருந்தது, இடது கோடியில், கம்பிகளை முறுக்குகிற சாவிகளுக்குப் பக்கத்தில் உள்ள அலுமினியத் தகட்டில். அது இத்தனை நாள் அப்பா அம்மா கண்ணில் படாததற்குக் காரணம் பக்தி. நவராத்திரியில் சரஸ்வதி பூஜை அன்று அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பாள், வாத்தியம் இல்லையா. தை மாதத்தில் இந்த ஊர்க்காரர்களுக்குச் சரஸ்வதி பூஜை வருகிறது. தெருவில் பந்தல் போட்டிருக்கும்போது நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று அதற்கும் ஒரு பொட்டு. செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை; பெடலும் லீவரும் இருப்பதால் அது மெஷின் கணக்கிலும் வருகிறது, அதற்கும் ஒன்று. அப்பாவின் ஸ்கூட்டருக்கே வருஷத்துக்கு ஒரு பொட்டுதான். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்து வைத்து அந்த இடம் சுவர்ப் பூச்சு மாதிரி ஆகியிருந்தது. சரியாக நம்பர் மேலேயே ஏன் வைத்தாய் என்று அப்பா கேட்டதற்கு, "அதுதான் நெத்தி மாதிரி இருந்தது. பொட்டை நெத்தியில வெக்காம பின்ன மொழங்கால்லயா வெப்பா?" என்றாள்.

வெந்நீரில் பஞ்சை நனைத்து மெதுவாக ஒற்றி எடு பிரதர், எதைக் கொண்டும் தேய்க்காதே என்று எல்லாத் தாத்தாக்களும் முதல் தடவையாக ஒரே குரலில் சொன்னார்கள். நான் பஞ்சு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வரும்போது அம்மா ஒரு உருண்டைப் புளியும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து தேய்த்து முடித்திருந்தாள். தகடு பளபளவென்று இருந்தது. "நியூ டவுன்லேந்து மனுஷா வராங்கற, இப்படி அழுக்கா இருந்தா நம்மளைப் பத்தி என்ன நெனைப்பா? இப்பப் பாரு, குத்துவிளக்கு மாதிரி." நான் தகட்டைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன், கையில் இருந்த பஞ்சைப் பார்த்தேன். பேச வரவில்லை, எனக்கு எப்போதும் வராது என்பதால் அம்மா வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. நடந்ததைத் தளத்தில் எழுதினேன். பிறகு ஒரு தாத்தா, "உன் மனைவியா?" என்று கேட்டார். ஆமாம் என்று எழுதினேன், விளக்கப் போனால் நீளும். எல்லாரும் அவரவர் மனைவிமார் துடைத்துக் கெடுத்த சாமான்களைப் பற்றி எழுதி எனக்கு ஆறுதல் சொன்னார்கள். கோபித்துக்கொள்ளாதே, பூ வாங்கிக் கொடு என்றார் ஒருவர். நல்ல யோசனையாகத் தோன்றியது. லேக் மார்க்கெட் போயிருந்தபோது இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தேன். "எதுக்குடி?" என்று சந்தேகமாகப் பார்த்தாள்.

புளிக்குப் பிறகு தகட்டில் இருந்தது இதுதான்: முதலில் ஒரு 7, கடைசியில் 218, நடுவே ஒரு இலக்கம். அந்த இலக்கம் மூன்று என்றால் கிட்டார் 1973, சுவருக்குப் போகும். எட்டு என்றால் 1978, மூலையிலேயே இருக்கும். அப்பா கோலமாவைத் தூவிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"மூணுதான். சந்தேகமே இல்ல" என்றார்.

"எனக்கு எட்டு தெரியறது" என்றாள் அம்மா.

"இடது பக்கம் அரிச்சிருக்குடி, அதனால எட்டு மாதிரி தெரியறது. ஒன் புளி பண்ணின வேலை."

"புளி அழிக்கும். இல்லாததைக் கொண்டுவந்து எழுதுமா? எட்டு தெரியறதுன்னா அங்க எட்டு இருந்திருக்கு."

"மூணா இருந்தா நீ கெடுத்தேன்னு ஆயிடும், அதனால எட்டுங்கற."

"நீங்க ஏன் மூணுங்கறேள்? இன்வர்ட்டருக்கு எடம் வேணும்னு சொல்லலாமே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நடுநிலை என்பதால் தோளைக் குலுக்கினேன். ஆனால் பெரியப்பா, அம்மா சொன்னதை நீங்கள் சாவகாசமாக யோசித்துப் பார்க்க வேண்டும். புளி இல்லாததை எழுதாது என்பதை வேதியியல் படித்தவர்கள்கூட மறுக்க முடியாது. அம்மா தேய்ப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. போட்டோ எடுத்துத் தளத்தில் போட்டேன். மூன்று என்று ஏழு பேர், எட்டு என்று ஏழு பேர், நீ கண்ணை டாக்டரிடம் காட்டு பிரதர் என்று ஒருவர்.

நம்பர் ஏமாற்றினால் உள்ளே இருக்கும் மின்சாரச் சாமான்களைப் பார்க்க வேண்டும் என்று தாத்தாக்கள் சொல்வார்கள். சத்தத்தைத் திருத்துகிற திருகுக்குப் பின்னால் ஒரு குறி அடித்திருக்கும், அந்தத் திருகு எந்த வருஷம் எந்த வாரத்தில் செய்தது என்று அதிலிருந்து தெரியும், அந்தத் தேதிக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது. இது நம்பரைவிட உறுதியான சாட்சி. நானே திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது ரேடியோவுக்குப் போடுகிற திருகு. நீங்கள் எப்போதோ இந்த ஊர்ச் சாந்தினி சௌக் மார்க்கெட்டில் மாற்றியிருக்கிறீர்கள். மாற்றியவர் அதன் மேல் வங்காளியில் 'நல்லது' என்று வேறு எழுதியிருக்கிறார். ஆகவே இந்தச் சாட்சியால் வருஷம் தெரியவில்லை. அதே சமயம் 1978 இல்லை என்றும் அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

நேற்று லக்ஷ்மி பூஜை அன்று சந்தீப் சார் வந்தார். ஷூப்ரா மாஷி மாடிப்படி முழுக்க அரிசி மாவில் லக்ஷ்மியின் பாதங்களை வரைந்திருந்தாள், அதை மிதிக்காமல் எகிறி எகிறி ஏறியதில் மேலே வந்து சேரும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும், ரொம்ப மரியாதை. கைக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டுதான் கிட்டாரைத் தொட்டார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"செம பீஸுங்க சார்" என்றார். "கால் நாலையும் கழட்டிருவேன். பாடிய மட்டும் சோபாக்கு மேல நேராத் தொங்க விட்டு, பெடலக் கீழ தனியா ஒரு கண்ணாடிப் பெட்டில. லைட்டு போட்டா பிரமாதமா இருக்கும்."

"அப்பறம் வாசிக்கறதுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"வாசிக்கறதா? இல்லைங்க மேடம், யாரும் தொடவே மாட்டாங்க. நான் கேரண்டி."

அம்மா ஜூஸ் கொடுத்தாள். அவர் தகட்டைப் பார்க்கக் குனிந்தார். நவமி அன்று அம்மா வைத்த புதுப் பொட்டு நம்பர் மேல் நன்றாகக் காய்ந்து இருந்தது, புளி போட்டு விளக்கியதே அதற்குத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பூஜை முடிந்துவிட்டது, எடுக்கலாம் என்று அனுமதி கிடைத்த பிறகு துடைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கம்பிகளைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், விரலால் ஒரு தடவை எல்லாக் கம்பிகளையும் தடவினார்.

"சார், கம்பி புதுசா இருக்கு. யாரு மாத்துனது?"

"அண்ணா போன தடவ வந்தப்போ மாத்தியிருப்பர்" என்றார் அப்பா. நீங்கள் கடைசியாக வந்தது அத்திம்பேர் சஷ்டியப்தபூர்த்திக்கு, அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டீர்கள்.

"பெடல்ல பெயிண்ட் தேஞ்சிருக்கு. யாராவது வாசிக்கறாங்களா?"

"எங்காத்துலயா? ஒருத்தருக்கும் சங்கீதமே கெடையாது."

"மத்தியானத்துல டிங் டிங்குனு ஏதோ கேக்கும்" என்றாள் அம்மா. "எலின்னு நெனச்சுண்டேன்."

"மேடம், இது பக்காவா ட்யூன்ல இருக்குங்க. எலி ட்யூன் பண்ணுங்களா?"

"கல்கத்தா எலி, சார்" என்றாள் அம்மா. "அதுக்குத் தெரியாதது கெடையாது."

சந்தீப் சார் சிரிக்கவில்லை. அம்மாவும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் எலி மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தது.

கிளம்பும்போது அவர் தெளிவாகவே சொல்லிவிட்டார். "எழுபத்தஞ்சுக்கு முந்தினாத்தான் சார் விண்டேஜ். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வெறும் பழசு. எனக்கு இது மூணான்னு ஷ்யூரா சொல்லத் தெரியலைங்க. ஓனர் எழுபத்தி மூணுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும், அடுத்த வாரமே வண்டி கொண்டாந்து எடுத்துக்கறேன்." அண்ணாவிடம் வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னார். அவர் போனதும் என்னைக் கூப்பிட்டு, "நீ பெரியப்பாவுக்கு வெவரமா எழுதிடு. பாத்து எழுது" என்றார். அம்மா சந்தீப் சார் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது பெடல் மிதிக்கிற என் கால் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

ஆகவே பெரியப்பா, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இப்படித்தான் முடிகிறது. பென்சிலில் இருப்பது டெலிபோன் நம்பர். திருகு சாந்தினியில் வாங்கியது. பிரிட்டோ ஊரை விட்டுப் போகிறவர், போகிறவர்கள் சாமான்களின் வயதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது சகஜம். தகட்டில் இன்றைக்குத் தெரிவது அம்மாவின் கண்ணுக்கு எட்டு, சரிபாதித் தாத்தாக்களின் கண்ணுக்கும் எட்டு. எட்டு என்று சொல்வதற்கு வேண்டிய இடம் தாராளமாக இருக்கிறது. 1973 என்று நீங்கள் எழுதிக் கொடுத்து, நாளைக்கு யாராவது விவரம் தெரிந்த விருந்தாளி அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்து, இது எட்டு ஆயிற்றே என்றால், கீழே பித்தளையில் இருக்கப்போவது உங்கள் பெயர். உங்கள் கௌரவத்தை உத்தேசித்து, வருஷம் தெரியவில்லை என்று எழுதிவிடுவதே உத்தமம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெறும் பழசு என்பதில் ஒரு அவமானமும் இல்லை.

பெரியம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டதாக அம்மா சொல்லச் சொன்னாள். அப்பாவின் முதுகு உங்களை விசாரித்தது. தீபாவளிக்குப் பட்சணம் அனுப்பினால் முறுக்கைத் தனியாகக் கட்டி அனுப்புங்கள், போன தடவை எல்லாம் மாவாக வந்தது. உங்கள் இருவரின் ஆசீர்வாதத்தையும் எப்போதும் போலத் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்கிறேன், இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள
இந்துஜா

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். மேலே எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது மூன்றுதான். போன வருஷம் நான் கம்பி மாற்றும்போது அந்தச் சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன், புளி வருவதற்கு வெகு நாள் முன்னால். 73218. இடது பக்கம் நன்றாகத் திறந்த, சுத்தமான மூன்று. தாத்தாக்களிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம், உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் அந்தத் தகடு என் இடது கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வாசிக்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது, பார்த்தால் கை தப்புகிறது. ஆகவே உங்கள் கிட்டார் விண்டேஜ்தான், நீங்கள் தாராளமாக எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி. ஏதாவது ஒரு மத்தியானம் இங்கே போன் செய்யுங்கள். நான்தான் எடுப்பேன். எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசிப்பேன், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். அன்றைக்கு ஆம்ப்ளிஃபையரில்தான் வாசிக்கப்போகிறேன். அம்மா எழுந்துவிடுவாள், கீழே மாஷி வீடு வரைக்கும் கேட்கும். கேட்கட்டும்.